முழுகாமல் இருக்கிறதென்றால் என்ன டீச்சர்?

கடலூர் முதுநகரைத் தாண்டி தெற்கே போகிற பஸ்ஸில் ஏறினால் வருகிற ஒரு கடலோர அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வருஷமாக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் மீனவர் வீடு, மீதிப்பேர் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற வீடு. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது, தாவரங்கள் முதலில், மனிதர்கள் அப்புறம். தாவரம் வரைக்கும் ஒரு கவலையும் கிடையாது, ஆளுக்கொரு செம்பருத்தியைக் கையில் கொடுத்து மகரந்தம், சூலகம் என்று பிய்த்துக்காட்டி நாற்பது நிமிஷத்தைச் சந்தோஷமாக ஓட்டிவிடலாம். மனிதர் பகுதியை முதல் வருஷம் நான் எடுத்த லட்சணத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பையன்களை எல்லாம் வேப்பமரத்தடிக்கு அனுப்பிவிட்டேன். பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்ள, நானும் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் வாசித்து முடித்து, "படத்தை ரெண்டு தடவை வரைஞ்சு பாத்துக்குங்க, பரீட்சைக்கு வரும்" என்று சொல்லி மூடிவிட்டேன். பையன்களுக்கு ஒரு சாரை எடுக்கச் சொன்னேன், அவர் மரத்தடியிலேயே "படிச்சுப் பாத்துக்குங்கடா" என்று முடித்துவிட்டாராம். பரீட்சையில் அத்தனை பேரும் பாகங்களைச் சரியாகக் குறித்திருந்தார்கள். எனக்குப் பெருமைதான்.

கடைசி நாள் ஒரு பெண் ஓரமாக வந்து நின்றாள், படத்துக்கு முழு மார்க் வாங்கியவள். "டீச்சர், எங்க அண்ணி முழுகாம இருக்காங்கன்னு சொல்றாங்க. குளிக்காம இருந்தா பாப்பா வந்துடுமா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்தது, ஆனால் அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. கருப்பை, அண்டகம், ஃபெலோப்பியன் குழாய் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துக் குறிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, அவள் வீட்டில் தினமும் புழங்குகிற ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை, நான் நடத்திய பாடத்துக்கும் அவளுடைய அண்ணிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதும் தெரியவில்லை.

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதுதான் அதற்கப்புறம் எல்லா வருஷமும் என் முதல் பாடம். மாதவிலக்கு முடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொள்வது நம் வீட்டு வழக்கம். விலக்கு வராவிட்டால் அந்த முழுக்கு இல்லை. முழுக்கு இல்லையென்றால் கரு தங்கியிருக்கிறது என்று பெரியவர்கள் புரிந்துகொண்டார்கள், அதனால் "முழுகாம இருக்கா". "நாள் தள்ளிப்போயிருக்கு" என்பதும் அதே கணக்குதான். கருப்பையின் உள்சுவர் ரத்தமும் சத்துமாகத் தடித்துக் காத்திருக்கும், கரு வந்து பதியாவிட்டால் உதிர்ந்து வெளியே வரும், பதிந்துவிட்டால் உதிராது. இரண்டு பக்கம் எழுத வேண்டிய உடலியங்கியல் அந்த ஒரே சொல்லுக்குள் இருக்கிறது, நாமும் அதைத் தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், பிள்ளைகளுக்குத்தான் பிரித்துக் காட்டுவதில்லை.

"பத்து மாசம் சுமந்து பெத்தேன்" என்பதும் அப்படித்தான். புத்தகத்தில் 280 நாள் என்று இருக்கிறது, டாக்டர் ஒன்பது மாதம் என்கிறார், வீட்டு ஆயா, அதாவது பாட்டி, பத்து மாதம் என்கிறார், யார் சொல்வது சரி என்று ஒவ்வொரு வருஷமும் சண்டை வரும். 28 நாள் சுழற்சியை ஒரு மாதமாக வைத்தால் பத்து மாதம் சரியாக 280 நாள். ஆயாவின் கணக்கில் தப்பில்லை. இன்னொன்று, அந்த 280 நாள் கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது, கரு உருவான நாளிலிருந்து எண்ணினால் சுமார் 266 நாள்தான். இதைக் கரும்பலகையில் போட்டுக் கழித்துக் காட்டினால் கணக்கு வராத பையன்கூட நிமிர்ந்து உட்காருகிறான்.

இந்தப் பாடத்தை எடுக்கப்போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது சொற்களைப் பற்றித்தான். நம் பிள்ளைகளிடம் உடம்பைப் பற்றி மூன்று மொழி இருக்கிறது. ஒன்று தெருச்சண்டையில் கேட்கிற கெட்ட வார்த்தை, இன்னொன்று விந்தகம், அண்டகம் என்கிற புத்தக வார்த்தை, மூன்றாவது ஆஸ்பத்திரியில் காதில் விழுகிற யூட்ரஸ், டெலிவரி. வெட்கப்படாமல் அம்மாவிடம் சொல்லக்கூடிய ஒரு சாதாரணச் சொல் இவற்றுக்கு நடுவில் இல்லை. அதனால் அரிப்பு, வலி என்று வந்தால்கூட "அந்த எடத்துல" என்றுதான் சொல்கிறார்கள், எந்த இடம் என்று கேட்டால் வாயடைத்துப்போகிறார்கள். எனவே முதல் நாள் புத்தகச் சொற்களை எல்லோரையும் சேர்ந்து உரக்கச் சொல்ல வைக்கிறேன், வாய்ப்பாடு மாதிரி. முதல் தடவை சிரிப்பு, இரண்டாவது தடவை கொஞ்சம் குறையும், ஐந்தாவது தடவையில் கொட்டாவி விடுவார்கள். கொட்டாவி வந்ததும் பாடத்தை ஆரம்பிக்கலாம்.

பையன், பெண் எல்லோரையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் இப்போது எடுக்கிறேன், விலக்கு நாளில் என்ன செய்வது என்பதை மட்டும் பெண்களுக்குத் தனியாக ஒரு பீரியட் கூடுதலாக.

மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பாடத்துக்குப் பெரிய சொத்து, இது எனக்கு உறைக்க மூன்று வருஷம் பிடித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, ஏன் என்று கேட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூட "மீன் முட்டை போடுற காலம் டீச்சர்" என்று சொல்லும். சினை மீன், சினை நண்டு என்று கூச்சமே இல்லாமல் பேசுவார்கள். அங்கிருந்து தொடங்கினால் போதும். மீன் ஏன் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டை விடுகிறது, மனுஷிக்கு ஏன் மாதம் ஒன்று? பெரும்பாலான மீன்கள் முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடுகின்றன, கருவுறுவது வெளியே, பாதுகாப்பு கிடையாது, அதனால் எண்ணிக்கையை நம்பித்தான் பிழைப்பு. நமக்கு உள்ளேயே கருவுற்று உள்ளேயே வளர்கிறது, அதனால் ஒன்று போதும்.

ஒரு வருஷம் இதைச் சொன்னபோது கடைசி பெஞ்சு பையன் ஒருவன், வருகைப் பதிவுக்குத் தவிர வாயே திறக்காதவன், எழுந்து "டீச்சர், பால்சுறா முட்டை போடாது, குட்டி போடும். அறுத்தா உள்ள குட்டி கொடியோட இருக்கும்" என்றான். உண்மை, அந்தச் சுறாவின் குட்டி தாயோடு கொடியால் இணைந்துதான் வளர்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று சுறாப் புட்டு செய்து கொடுக்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்குத் தொப்புள்கொடியை அவன்தான் நடத்தினான், நான் ஓரமாக நின்றேன்.

கொடி வந்ததும் நஞ்சு வரும். "நஞ்சுன்னா விஷம்தானே டீச்சர், அது எப்படி பாப்பாவுக்குச் சாப்பாடு குடுக்கும்?" என்று தவறாமல் கேட்பார்கள். மாடு கன்று போட்டபின் விழுகிற நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதைப் பாதிப்பேர் பார்த்திருக்கிறார்கள், அதேதான் என்றால் புரிந்துவிடும், பெயரில்தான் நஞ்சு. புத்தகத்தில் இருக்கிற "தாய்-சேய் இணைப்புத் திசு" வாயில் நுழையக் கஷ்டம், ஆனால் வேலையை நேராகச் சொல்கிறது. தாயின் ரத்தமும் குழந்தையின் ரத்தமும் அங்கே கலப்பதில்லை, பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன, ஆக்சிஜனும் சத்தும் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், கழிவு இந்தப் பக்கம் வரும். இதை நிறுத்தி நிதானமாகச் சொல்லக் காரணம் உண்டு. "வயித்துல பாப்பா" என்று சொல்லிச் சொல்லி, அம்மா சாப்பிடுகிற சோறு நேராகப் பாப்பா தலையில் விழுகிறது என்றே நிறையப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "அம்மா தண்ணி குடிச்சா பாப்பா முழுகிடாதா?" என்று கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. இரைப்பை வேறு, கருப்பை வேறு. கருப்பை அடிவயிற்றில், சாதாரண நாளில் ஏறக்குறைய நம் மூடிய கை அளவுக்கு இருப்பது. எல்லோரையும் கையை மூடிப் பார்க்கச் சொல்வேன்.

இனி என் பெரிய தப்பு. உள்சுவர் தடித்து உதிர்வதை விளக்க எனக்கு நல்ல உவமை கிடைக்காமல் இருந்தது. நெல் வீட்டுப் பெண் ஒருத்தி "நாத்தங்கால் மாதிரியா டீச்சர்? சேறடிச்சுத் தயாரா வெச்சிருப்போம், விதை விடலைன்னா திரும்ப உழணும்" என்றாள். அடடா என்று நானும் பிடித்துக்கொண்டு இரண்டு வருஷம் அதையே ஓட்டினேன். அப்புறம் ஒரு பையனின் விடைத்தாளில் "அப்பாதான் விதை, அம்மா நிலம், அதனால் குழந்தை அப்பாவின் உயிர்" என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் சுருக்கென்றது. அவன் எழுதியதில் என் பங்கும் இருக்கிறது. விதை என்றால் அதற்குள் முழுச் செடியும் இருக்கிறது, நிலம் தண்ணீரும் உரமும்தான் கொடுக்கிறது. விந்தணு விதை கிடையாது, அதில் பாதிதான் இருக்கிறது. பரம்பரைக் குணங்களைச் சுமக்கிற குரோமோசோம் அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23, கூட்டினால் 46. போதாக்குறைக்கு, முதல் சில நாள் கருவுக்கு வேண்டிய சத்தும் செல்லுக்குச் சக்தி தருகிற மைட்டோகாண்ட்ரியாவும் அம்மாவின் கருமுட்டையிலிருந்து வருவது. கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, பென்சிலைக் கூராகச் சீவி லேசாக ஒரு புள்ளி வைத்தால் கிட்டத்தட்ட அது, மனித உடம்பின் செல்களிலேயே வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படக்கூடிய பெரிய செல். பாலூட்டிகளின் கருமுட்டையை கார்ல் எர்ன்ஸ்ட் வான் பேர் என்பவர் கண்டுபிடித்தது 1827-ல், லூவன்ஹூக் விந்தணுவை நுண்ணோக்கியில் பார்த்தது அதற்கு நூற்றைம்பது வருஷம் முந்தி, 1677-ல். பெரிய செல்லைவிடச் சின்ன செல்லை முதலில் பார்த்துவிட்டார்கள், ஒன்று வெளியே வருவது, மற்றது உள்ளே ஒளிந்திருப்பது. இப்போது நாற்றங்காலை உள்சுவருக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், விதை என்ற சொல்லை இந்தப் பாடத்துக்குள் விடுவதே இல்லை.

சுழற்சியை விளக்க, மளிகைக்கடையில் தருகிற தினசரி காலண்டரில் 28 தாளைக் கிழித்து வகுப்பின் குறுக்கே கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் மாட்டுகிறேன். முதல் ஐந்து தாளில் சிவப்புச் சாக்பீஸ், ரத்தப்போக்கு. பதினாலாம் தாளில் பென்சில் புள்ளி, அண்டகத்திலிருந்து முட்டை வெளியே வருகிற நாள். அந்த முட்டைக்கு ஆயுள் ஒரு நாள், விந்தணு உள்ளே ஐந்து நாள் வரைகூடத் தாங்கும். இரண்டும் சந்திப்பது அண்டகத்திலிருந்து கருப்பைக்குப் போகிற ஃபெலோப்பியன் குழாயில், கருப்பையில் இல்லை, பரீட்சையில் பலரும் கோட்டை விடுகிற இடம் இது. கருவுற்ற ஒரு வாரம் போல ஆனதும் வந்து பதியும். ரத்தம் வருகிற நாளில்தான் முட்டை வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் தாள்களை எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள். அப்புறம் நடுவில் நாலு தாளைப் பிடுங்கிப் போடுவேன், அல்லது ஏழு தாள் சேர்ப்பேன். 28 என்பது சராசரிதான், 21 முதல் 35 வரை சகஜம், வயசுக்கு வந்த முதல் ஓரிரு வருஷம் இன்னும் தாறுமாறாக இருக்கும், அதற்காகப் பயப்படவேண்டாம். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, எழுந்து நிற்க முடியாத வலி என்றாலோ, பதினைந்து வயது தாண்டியும் வரவே இல்லையென்றாலோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"கெட்ட ரத்தம் நிறையப் போகுது" என்கிற பேச்சை டீக்கடை கிளாஸை வைத்துத் தீர்ப்பேன். ஒரு விலக்கில் போகிற ரத்தம் சராசரியாக 30, 40 மில்லி. சிவப்பு மை கலந்த தண்ணீரை அளந்து ஊற்றினால் கிளாஸ் பாதிகூட நிறையாது. குடம் குடமாகப் போகிறது என்று நினைத்திருந்த பையன்கள் "இவ்ளோதானா" என்பார்கள், உடனே முன் வரிசையிலிருந்து ஒரு பெண் "வலிக்கும்ல" என்பாள். அந்த உரையாடலுக்குள் நான் நுழைவதில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் வயசுக்கு வந்தால் தாய்மாமன் சீர், உளுந்தங்களி, நல்லெண்ணெய், மஞ்சள் நீராட்டு, போதாததற்குப் பஸ் ஸ்டாப்பில் அவள் படம் போட்ட பிளெக்ஸ். ஊருக்கே பேனர் வைத்துச் சொல்கிறோம், அவள் உடம்புக்குள் என்ன நடந்தது என்பதை அவளிடம் மட்டும் சொல்வதில்லை. என் அம்மாவும் பழைய புடவைத் துணியைக் கையில் கொடுத்து "இனிமே பசங்களோட விளையாடாத" என்றதோடு சரி, எனக்கு உள்ளே ஏதோ அறுந்துபோய்விட்டது என்று மூன்று நாள் அழுதேன். அதனால் பத்தாம் வகுப்பு வரைக்கும் காத்திருப்பது தப்பு. எட்டாம் வகுப்பிலேயே வளரிளம் பருவப் பாடம் இருக்கிறது, நான் அதை இன்னும் கீழே இறக்கி ஆறாம் வகுப்பிலேயே பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறேன், ஒன்பது பத்து வயதிலேயே வந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு. அரசாங்கத்தின் புதுயுகம் திட்டத்து நாப்கின் பள்ளிக்கு வருகிறது, அதைப் பிரித்து எப்படி வைப்பது, நாலைந்து மணி நேரத்துக்கொரு தடவை மாற்றுவது, கழிவறைக் குழியில் போடாமல் சுற்றிப் போடுவது என்று எல்லாவற்றையும் தனி பீரியடில் கையில் பிடித்துச் செய்து காட்டுவேன். சிறுநீர் வருகிற வழியும் விலக்கு வருகிற வழியும் தனித்தனி என்பதையும் அங்கேதான் சொல்வது, தெரியாத பெரியவர்களே நிறையப் பேர்.

கேள்வி கேட்கச் சாக்பீஸ் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு வைத்தேன். எல்லோரும் சீட்டு போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் "கேள்வி இல்லை" என்று எழுதிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிப் பக்கம் போகிறவனைப் பார்த்தே சிரிப்பார்கள். பையன்கள் சீட்டில் முக்கால்வாசி ஒரே விஷயம், தூக்கத்தில் விந்து வெளியேறுவது. ராத்திரி டிவியில் வருகிற வைத்தியர்கள் இதை நோய் என்றும், ஒரு சொட்டுக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்றும், கல்யாணத்துக்கு லாயக்கில்லாமல் போய்விடுவாய் என்றும் பயமுறுத்தி லேகியம் விற்கிறார்கள், எனக்கு அவர்கள்மேல் உள்ள கோபம் சொல்லி மாளாது. பருவம் வந்தபின் விந்தகங்கள் நாள் தவறாமல் விந்தணுவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், அதில் கொஞ்சம் தூக்கத்தில் வெளியேறுவது இயல்பு, பலவீனமும் வராது, ரத்தமும் குறையாது, மருந்தும் வேண்டாம். விந்தகம் ஏன் உடம்புக்கு வெளியே பையில் தொங்குகிறது என்று ஒருவன் கேட்டிருந்தான். விந்தணு உருவாக உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டும், அதற்குத்தான் என்றேன். அன்றைக்கு அவன் முகத்தில் தெரிந்த மரியாதை எனக்கா, விந்தகத்துக்கா தெரியாது.

"அது எப்படி உள்ள போகுது?" என்ற சீட்டு எல்லா வருஷமும் வரும். முதலில் அதை எடுத்து மடியில் மறைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டே வரியில் பதில் சொல்கிறேன், உடலுறவின்போது ஆண் உறுப்பின் வழியாக விந்து பெண்ணின் பிறப்புவழிக்குள் சேர்கிறது, அது வயதுவந்த இருவர் மனமொத்துச் செய்வது, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் யார் செய்தாலும் போக்சோ சட்டப்படி குற்றம். வகுப்பு அமைதியாகிவிடும், அடுத்த சீட்டை எடுப்பேன். நாம் பதறினால்தான் அது பெரிய விஷயமாகிறது.

ஒரு சீட்டில் "எங்க அம்மாவுக்கு நாங்க மூணும் பொண்ணு, ஆயா அம்மாவைத் திட்டிக்கிட்டே இருக்கு" என்று இருந்தது, கேள்விக்குறிகூட இல்லை. ஒரு ரூபாய் நாணயத்தைச் சுண்டி வகுப்பில் நடத்தினேன். முட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான், விந்தணுக்களில் பாதியில் எக்ஸ், பாதியில் ஒய். எக்ஸ் சேர்ந்தால் பெண், ஒய் சேர்ந்தால் ஆண், அம்மாவிடம் ஒய் கிடையவே கிடையாது, இல்லாததை எப்படிக் கொடுப்பாள்? அப்பாவும் வேண்டுமென்று கொடுப்பதில்லை, சுண்டிய காசுதான். கருவிலேயே ஆணா பெண்ணா என்று சொல்வது 1994 சட்டப்படி குற்றம் என்று ஸ்கேன் சென்டரில் பலகை இருக்குமே, அது எதற்கு என்றும் அப்படியே சொன்னேன். வீட்டில் ஆயாவிடம் யாராவது சொன்னார்களா தெரியாது.

பெட்டி வைப்பதற்கு முன் ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள், நான் யோசிக்காமல் வைத்துவிட்டுத் திணறினேன். ஒரு வருஷம் ஒரு சீட்டில் "உங்ககிட்ட தனியா பேசணும்" என்று மட்டும் இருந்தது. அதில் என்ன நடந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பிள்ளை இப்படிச் சொன்னால் யாரிடம் போவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் எடுப்பார்கள். விஷயம் தெரிந்தவர் புகார் சொல்லாமல் இருப்பதும் போக்சோ சட்டத்தில் தப்பு, "குடும்ப மானம் போயிடும் டீச்சரம்மா, விட்டுடுங்க" என்று யார் வந்து நின்றாலும். அந்த எண்ணைக் கரும்பலகை மூலையில் வருஷம் முழுக்க அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? இரண்டாம் வருஷம் ஒரு அப்பா வந்து "எம்பொண்ண ஆம்பளப் பசங்களோட ஒக்கார வெச்சு இதெல்லாம் பேசுறீங்களாமே" என்று சத்தம் போட்டார். தலைமையாசிரியர் "பேசாம பழையபடி எடுத்துடுங்களேம்மா" என்று என் பக்கம் திரும்பினார். நான் புத்தகத்தை விரித்து அந்த அப்பா கையில் கொடுத்தேன், அரசாங்கப் புத்தகம், பரீட்சைக்கு வருகிற பாடம். கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது வந்து… எங்க வீட்ல அவங்களுக்கு அஞ்சாறு மாசமா ரத்தம் நிக்கவே மாட்டேங்குது டீச்சரம்மா, யாரப் பாக்கறது?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கடலூர் அரசு மருத்துவமனையில் மகப்பேறு பிரிவுக்கு அழைத்துப்போகச் சொன்னேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோர் கூட்டத்தில் புத்தகத்தை முதலிலேயே விரித்துக் காட்டிவிடுகிறேன், பாதிச் சண்டை வராமலேயே போகிறது.

கயிற்றில் மாட்டுகிற காலண்டர் தாள்களை முதுநகர் பஸ் ஸ்டாப் பக்கத்து மளிகைக்கடை அண்ணன்தான் தருகிறார், ஜனவரி பிறந்ததும் பழைய காலண்டரைக் கட்டி எனக்கென்று எடுத்து வைத்துவிடுவார். "பள்ளிக்கூடத்துக்கா டீச்சர்?" என்பார், "ஆமாண்ணே" என்பேன். எந்தப் பாடத்துக்கு என்று அவர் கேட்டதில்லை, இத்தனை வருஷத்தில் நானும் சொன்னதில்லை.